ஒரு போர்வைக்குப் போதுமான துணி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் கிராமத்தில், 1942ஆம் ஆண்டு மிசூரி பெட்வே என்ற பெண் தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். கணவர் நத்தானியல் சுமார் எட்டு மாதம் நோயில் கிடந்து இறந்திருந்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் அந்தப் போர்வை இருக்கட்டும் என்பது மிசூரியின் எண்ணம். மகள் ஆர்லோன்சியாவுக்கு அப்போது 17, 18 வயது இருக்கும். அம்மாவுக்குத் துணி கிழித்துக் கொடுத்தவர் அவர்தான். ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து அந்த வேலையை விவரித்தபோது அவர் நினைவில் துலக்கமாக எழுந்து வந்தது காற்சட்டையின் அளவு. காற்சட்டையின் கால் கீழே குறுகியும் மேலே அகன்றும் இருக்கும். அகன்ற பாகத்தை வெட்டிக் கழித்தால்தான் சீரான பட்டைகள் கிடைக்கும். அதை வெட்டுவது மகளின் பொறுப்பு. சட்டைகளின் பின்தொங்கல்களும் பட்டைகளாயின. அப்பாவிடம் இருந்த அத்தனை உடுப்பும் சேர்ந்து அந்த ஒரு போர்வைக்குத்தான் காணும்படி இருந்தது.

இந்தக் கடைசித் தகவலைக் கடந்துபோக எனக்கு முடியவில்லை. நிலத்தில் உழைத்து முடித்த ஒருவர் விட்டுச்சென்ற துணி முழுவதும் ஓர் ஆளை மூடுவதற்குச் சரியாக இருந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று அந்த வீட்டில் யாரும் யோசித்திருக்க வழியில்லை. தேர்ந்தெடுப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

கீஸ் பெண்டை மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1816இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1845இல் அது மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள்மேல் முதலாளியின் பெயரும் ஒட்டிக்கொண்டது. இரத்த உறவே இல்லாதவர்களும் அங்கே பெட்வேக்கள்தான். அடிமை முறை ஒழிந்த பிறகு அதே மக்கள் அதே மண்ணில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன், அறுவடையில் கழிவு, மீண்டும் கடன் என்று ஆண்டுகள் போயின. கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்துபோக, 1932இல் அவருடைய மனைவியின் சார்பில் ஆட்கள் வந்து ஊரில் இருந்த கலப்பை, கால்நடை, தானியம் எல்லாவற்றையும் கடனுக்கு ஈடாக ஏற்றிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவில் ஊர் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தது. மிசூரியின் போர்வை அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிந்தியது.

அந்த ஊரில் போர்வை தைப்பதென்பது குளிரோடு போட்ட சண்டை. மரப்பலகை வீடுகளின் இடுக்குகளில் காற்று புகும். பழைய செய்தித்தாள்களையும் பத்திரிகைத் தாள்களையும் சுவரெங்கும் ஒட்டி அதைத் தடுத்தார்கள். படுக்கையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்வைகள். மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவே கோலால் அடித்துத் தட்டிய பஞ்சு, அடியில் உரச்சாக்கோ மாவுச்சாக்கோ பிரித்த துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் ஓட்டுத் தையல். நைந்துபோன போர்வை இன்னொரு போர்வையின் உள்ளே போகும். அதற்கும் ஆகாதென்றால் கொசுவை விரட்டப் புகைமூட்டத்தில் எரியும். பருத்தி விளைவித்து விற்றுவிட்டு, அதுவே சாக்காகவும் காற்சட்டையாகவும் திரும்பி வந்தபோது கடைசி இழைவரை அதைப் பயன்படுத்தித் தீர்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே இறந்தவரின் துணியில் போர்வை தைத்தது மிசூரிக்குப் புதிய வேலை இல்லை. கந்தலான எந்தக் காற்சட்டைக்கும் அந்த வீட்டில் அதுதான் கதி. புதிதாக இருந்தது நோக்கம் மட்டுமே. கத்தரிக்கோல், ஊசி, நூல், கைப்பழக்கம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. துக்கம் வந்து அவற்றுக்குள் நுழைந்துகொண்டது. துக்கத்துக்கென்று தனியாக ஒரு சடங்கையோ சின்னத்தையோ அவர் தேடிப் போகவில்லை. நாளைக்கும் செய்யவேண்டிய வேலையை இன்று இந்தத் துணியில் செய்தார்.

வேலை உடுப்புக்கென்று ஒரு குணம் உண்டு. டெனிம் துணியில் நீலச் சாயம் நூலின் மேற்புறத்தில்தான் தங்குகிறது, உள்ளே முழுதும் ஊறுவதில்லை. அதனால் எங்கே உராய்வு அதிகமோ அங்கே வெள்ளை வெளிப்படுகிறது. முழங்கால் வெளுக்கும், தொடையின் முன்பக்கம் வெளுக்கும், மடிப்பின் விளிம்பு வெளுக்கும். தைத்திருந்த பையைப் பிரித்தெடுத்தால், வெயில் படாத அந்தச் சதுரம் மட்டும் வாங்கிய நாளின் நீலத்தில் இருக்கும். கீஸ் பெண்டின் வேலை உடுப்புப் போர்வைகளில் இப்படிப்பட்ட கருநீலச் சதுரங்களையும், ஒட்டுப்போட்ட முழங்கால்களையும் பார்க்கலாம். மண்டியிட்டுக் களை எடுத்தவனின் முழங்கால் எது, சுத்தியலோ கத்தியோ செருகிய பை எது என்று துணியே சொல்லும். புகைப்படம் ஒருவரின் முகத்தை ஒரு நொடிக்கு நிறுத்திவைக்கிறது. வெளுத்த முழங்கால் பல ஆண்டுகளாக அவர் குனிந்து நிமிர்ந்த கணக்கு.

இந்தக் கணக்கு நல்ல உடுப்பில் இருக்காது. அங்கேதான் நம் வழக்கத்துக்கும் மிசூரியின் வழக்கத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிகிறது. நம் வீடுகளில் சாவு விழுந்தால் பிணத்தின்மேல் கோடித் துணி விழுகிறது. பதினாறாம் நாள் கருமாதியில் இருப்பவர்களுக்குப் புதுத்துணி வருகிறது. இருபக்கமும் புதியதே பேசும். இறந்தவர் உடுத்திப் பழகிய பழையது வீட்டை விட்டு வெளியேறவேண்டும். பாய், தலையணை, கடைசியாகக் கட்டியிருந்த வேட்டி எல்லாம் சுடுகாட்டிலோ ஆற்றங்கரையிலோ விடப்படும். மற்ற துணிகள் பல ஊர்களில் வண்ணார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. பட்டில் தீட்டு ஒட்டாது என்பார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டை மகள்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அம்மா பட்டுக் கட்டியிருந்த நேரத்தை எண்ணிவிடலாம். அவள் வாழ்ந்தது அடுப்படியில், கைதுடைத்து முந்தானை நைந்துபோன நூல் சேலையில். அந்தச் சேலைதான் முதலில் வெளியே போகிறது.

வெளியே போன துணி என்ன ஆயிற்று என்பதை நம் துக்கக் குறிப்புகள் சொல்வதில்லை. தீட்டு என்று ஒரு வீடு கழித்ததை இன்னொரு வீடு உடுத்தியிருக்கிறது. அந்த இன்னொரு வீடு எதுவென்று சாதி முடிவுசெய்திருக்கிறது. உரிமை என்று பெயர் சூட்டிக் கொடுத்தாலும் மறுக்கும் வசதி இல்லாத பெறுதல் அது. இறந்தவரின் துணியை வெட்டித் தைத்துப் பயன்படுத்தும் அறிவு தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. அது இறந்தவரின் வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான். வேறொருவரின் தேவைக்குள் தள்ளிவிடப்பட்ட அந்தத் துணியில் யாருடைய நினைவும் எழுதப்படவில்லை.

ஆனால் பழந்துணிமேல் நமக்கு வெறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு முதல் துணியாகப் புதியதைப் போடாத வீடுகள் நிறைய. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் துணியில்தான் சுற்றுவார்கள். பாட்டியின் சேலை உத்தரத்தில் தூளியாகத் தொங்கும். உயிரோடிருக்கும் உடம்பிலிருந்து வரும் துணிக்கு ஆசி உண்டு என்றும், மூச்சு நின்ற உடம்பிலிருந்து வரும் துணிக்குத் தீட்டு என்றும் நாம் ஒரு கோடு போட்டிருக்கிறோம். ஒரே சேலை கோட்டுக்கு இந்தப் பக்கம் தூளி, அந்தப் பக்கம் கழிவு.

இந்தக் கோட்டை வேண்டுமென்றே மிதித்தவர்கள் பௌத்தத் துறவிகள். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணியைப் பொறுக்கித் துவைத்து, வெட்டித் தைத்து, மரப்பட்டைச் சாயத்தில் முக்கி உடுத்துவது அவர்களுடைய பழைய நோன்புகளில் ஒன்று. பாம்சுகூலம் என்று அதற்குப் பெயர். துறவிகளின் ஆடையான சீவரம் எப்படித் தைக்கப்படவேண்டும் என்பதற்கு, அவர்களுடைய ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தில் ஒரு கதை வருகிறது. மகத நாட்டு வயல்களைப் பார்த்த புத்தர், வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கும் அந்த அமைப்பிலேயே சீவரம் செய்ய முடியுமா என்று சீடர் ஆனந்தரைக் கேட்டாராம். ஆனந்தர் அப்படியே வகுத்துக் கொடுத்தார். இன்றைய சீவரத்திலும் அந்த வரப்புத் தையல் இருக்கிறது. வெட்டித் தைத்த துணிக்குச் சந்தையில் விலை இல்லை, அதனால் திருடன் ஆசைப்படமாட்டான் என்ற நடைமுறைக் காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. இலங்கையின் சிங்கள பௌத்தச் சாவு வீடுகளில் இன்றும் பிக்குகளுக்கு வெள்ளைத் துணி தானமாகக் கொடுக்கப்படுகிறது. சுடுகாட்டுத் துணியின் எச்சமான சடங்கு அது.

துறவியும் விதவையும் ஒரே பொருளை எடுத்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். துறவி வெட்டுவது பற்றை அறுக்க. யாருடைய துணி என்பது அவருக்கு வேண்டாத செய்தி. மிசூரி வெட்டியது பற்றிக்கொள்ள. யாருடைய துணி என்பது மட்டுமே செய்தி. ஆனால் கத்தரிக்கோல் இந்த வித்தியாசத்தை அறியாது. இரண்டு இடத்திலும் அது முதலில் செய்வது, உடுப்பிலிருந்து உடம்பின் வடிவத்தை எடுத்துவிடுவது.

இதுதான் இந்தக் கைவேலையின் நடு நரம்பு என்று நினைக்கிறேன். அலமாரியில் தொங்கும் சட்டைக்குத் தோள் இருக்கிறது, கை இருக்கிறது, கழுத்து இருக்கிறது. அது அவருக்காகக் காத்திருக்கிறது. நம்மையும் காத்திருக்க வைக்கிறது. அதை வேறொருவர் போட்டுக்கொண்டால் துணுக்குறுகிறோம். வெட்டிச் சதுரமாக்கிய பிறகு அதே துணிக்கு அவருடைய உடம்பு தேவைப்படுவதில்லை. யார் படுத்தாலும் மூடும். நினைவுக்காக என்று தைக்கப்படும் போர்வை உண்மையில் ஒரு பெரிய விடைகொடுத்தலில் தொடங்குகிறது: அவர் இனி இந்தச் சட்டையைப் போடமாட்டார் என்பதைக் கை ஒப்புக்கொள்வதில். மனசு ஒப்புக்கொள்வதற்கு முன்பே கை ஒப்புக்கொண்டுவிடுகிறது. கணவரின் காற்சட்டையை எடுத்து, அகன்ற பாகம் வீணாகாமல் எப்படி வெட்டலாம் என்று அளவு பார்க்கும் நேரத்தில் அழுகைக்கு இடம் குறைவு. அழுகை போய்விட்டது என்பதில்லை. அளவுக்கும் கவனம் வேண்டியிருக்கிறது.

இன்று அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் இது ஒரு சிறு தொழில். இறந்தவரின் சட்டைகளையும் டி-ஷர்ட்டுகளையும் பெட்டியில் அனுப்பினால் போர்வையாகத் திரும்பி வரும். டி-ஷர்ட் பின்னல் துணி. இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். அதனால் சட்டைக் காலருக்குள் நம் தையற்காரர்கள் வைக்கும் கேன்வாஸைப் போல, இஸ்திரி போட்டு ஒட்டும் உள்துணி ஒன்றைப் பின்புறம் பிடிக்கவைத்த பிறகே சதுரம் வெட்டுகிறார்கள். சட்டைப் பையையும் பித்தான் வரிசையையும் பிரிக்காமல் அப்படியே சதுரத்துக்குள் வரும்படி வெட்டுவது ஒரு நுணுக்கம். துணிகளைத் துவைத்து அனுப்புங்கள் என்று பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். மணத்துக்கும் மென்மைக்கும் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் கூடாது, ஊற்றினால் உள்துணி ஒட்டாது.

தொழில்நுட்பக் குறிப்பாகச் சொல்லப்படும் இந்தத் துவைத்தல்தான் பலருக்கும் கடினமான இடம். சட்டையில் இன்னும் ஒட்டியிருக்கும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த அந்த மணம் ஒருமுறை துவைத்தால் போய்விடும். துவைக்காமல் மூடிவைத்தாலும் மெல்ல மெல்லப் போய்விடும். துணியிலிருந்து ஆவியாகி மூக்குக்கு வந்து சேருவதால்தான் அது மணம், ஆகவே நாம் முகரும் ஒவ்வொரு முறையும் தீர்ந்துகொண்டே வருவதைத்தான் முகர்கிறோம். போர்வை மணத்தை விட்டுக்கொடுத்து இழையை வைத்துக்கொள்கிறது. எது போகும், எது நிற்கும் என்பதை நாமே முடிவுசெய்யும் வாய்ப்பு சாவு விஷயத்தில் அபூர்வம்.

இப்போது சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நத்தானியலின் உடுப்பு ஒரு போர்வைக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய நடுத்தர வர்க்கத்து ஆள் விட்டுச்செல்லும் துணியில் ஊருக்கே போர்த்தலாம். ஆகவே தேர்வு வருகிறது. தேர்வு வந்தால் அழகான படம் ஒன்றை வரையும் ஆசையும் வருகிறது. பிடித்த அணியின் டி-ஷர்ட், பட்டமளிப்பு நாள் சட்டை, சுற்றுலாவில் வாங்கியது என்று பொறுக்கும்போது போர்வை ஒரு பாராட்டுப் பத்திரமாகிவிடலாம். குடித்துவிட்டு வந்த இரவுகளின் சட்டை அதில் இடம்பெறாது. ஆஸ்பத்திரியில் போட்டிருந்த பின்பக்கம் திறந்த அங்கியும் பெறாது. மிசூரியின் போர்வையில் இந்தத் தணிக்கை நடக்க வழியே இருக்கவில்லை. நத்தானியலின் துணி முழுவதும் அதில் இருந்தது. அதனால் அவரும் முழுதாக இருந்தார்.

பெயர் சொல்லிப் புதைக்கக்கூட இடம் கிடைக்காதவர்களின் துணிகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுவத்தி ஊர்வலம் ஒன்றில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதி ஓர் அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கிறதே என்று செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸுக்குத் தோன்றியது. 1987இல் அது இயக்கமானது. ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடித் துணி, அதாவது ஒரு புதைகுழியின் அளவு. அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் பெருவெளியில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. பிணத்தை ஏற்க இறுதிச்சடங்கு நடத்துபவர்களே மறுத்த காலம். கூட வாழ்ந்தவனைக் குடும்பம் சாவு வீட்டுக்குள் விடாத காலம். பிணம் கிடைக்காதவனிடம் மிஞ்சியிருந்தது ஜீன்ஸும் சட்டையும்தான். அவற்றை வெட்டி, ஒட்டி, பெயரைப் பெரிதாகத் தைத்தார்கள். இன்று சுமார் 50,000 துண்டுகள், 1,10,000க்கும் மேற்பட்ட பெயர்கள், 54 டன் எடை. யாரும் போர்த்திக்கொள்ள முடியாத போர்வை அது. போர்த்தும் நோக்கமும் அதற்கு இல்லை. மூடிவைத்ததைத் திறந்துகாட்டத்தான் அது விரிக்கப்பட்டது.

மிசூரி தன் போர்வையில் பெயர் தைக்கவில்லை. தேவை இருக்கவில்லை. அடியில் படுத்தவர்களுக்கு அது யாருடைய முழங்கால் என்று தெரியும். எய்ட்ஸ் போர்வையில் பெயர்தான் முதன்மை, ஏனென்றால் பெயரைச் சொல்லிக்கொடுக்க வீடு இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் தெரிவது இது: துணிக்குத் தானாக நினைவில்லை. வெளுத்த முழங்கால் ஒருவன் உழைத்தான் என்று சொல்லும். எவன் என்று சொல்லாது. அதை யாராவது வாயால் சொல்லவேண்டும், அல்லது நூலால் எழுதவேண்டும்.

கீஸ் பெண்டின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கியபோது விமர்சகர்கள் ஓவியர்கள் மத்தீஸையும் பால் க்ளேயையும் துணைக்கு அழைத்தார்கள். 2006இல் அவற்றில் சில அஞ்சல்தலைகளாயின. மிசூரியின் போர்வை இன்று வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியக ஒழுங்குப்படி அதன்மேல் விரல்கூடப் படக்கூடாது. படுத்து, உதறி, துவைத்து, நைந்து, கடைசியில் இன்னொரு போர்வையின் வயிற்றுக்குள் போகவேண்டியது இப்போது வெளிச்சம் குறைந்த அறையில் பாதுகாக்கப்படுகிறது. இதில் இழப்பு உண்டு. ஆனால் புலம்புவதற்கு ஒன்றுமில்லை. அந்த ஊரில் சாவு ஒன்றும் புதிதில்லை. இறந்தவர்களின் துணியில் தைத்த போர்வைகள் வேறும் இருந்திருக்கும், நைந்தும் எரிந்தும் போயிருக்கும். இந்த ஒன்றை மட்டும் நாம் நத்தானியலின் போர்வை என்று அறிகிறோம். அதற்குக் காரணம் துணி உறுதியாக இருந்ததோ அருங்காட்சியகம் வாங்கியதோ அல்ல. கிழித்துக் கொடுத்த பெண் 60 ஆண்டுகள் அதை மறக்காமல் வைத்திருந்து, கேட்டவர்களிடம் சொன்னார்.

ஆகவே அப்பாவின் சட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு மிசூரியின் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய யோசனை ஒன்று உண்டு. போர்வையைத் தனியாகத் தைக்கவேண்டாம். காசு கொடுத்துத் தைத்து வாங்கினாலும் துணியைப் பிரிக்கும் வேலையையாவது வீட்டிலேயே செய்யலாம். பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து அதன் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கவேண்டும். காற்சட்டையின் கால் மேலே ஏன் அகலமாக இருக்கிறது என்று அது கேட்கும். அதிலிருந்து பேச்சு வேறெங்கெங்கோ போகும். போர்வை ஒருநாள் நைந்துபோகும், போகட்டும். தைத்தபோது பேசியதில் ஏதோ கொஞ்சம் அந்தப் பிள்ளைக்குத் தங்கியிருந்தால், அதற்காகத்தான் தைத்தது.